நாடு நீங்கிய ஓவியரும் நெய்தல் நிலமும்

சங்க நெய்தற் பாடல்களைக் கொண்டு பண்டைப் பரதவர் வாழ்க்கையை எழுதுவது நம் ஆராய்ச்சித் துறையில் நன்கு வேரூன்றிய வழக்கம். வலையின் வகை, மீனின் பெயர், உப்பு வாணிகம், புன்னை நிழலில் மகளிர் ஆடும் விளையாட்டு ஆகியவற்றைத் தொகுத்து, இவை அக்காலக் கடற்கரையின் நேர்ப்படம் என்று முடிவு கூறுகிறோம். ஆயின், அப்பாடல்களைப் பாடிய புலவர் எங்கிருந்து பாடினர் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனாரும், நெய்தலையே மிகுதியாகப் பாடிய உலோச்சனாரும் கரையில் வாழ்ந்தவரா, கரையை நீங்கி உள்நாட்டில் அமர்ந்தவரா, விருந்தினராய்க் கரையைக் கண்டவரா? பாடியவரின் இருப்பிடம் பாடலின் சான்றுத்தன்மையை மாற்றுமா? இவ்வினாவிற்குப் பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு விடை தேடுவது அரிது. படைத்தவர் எங்கிருந்து படைத்தார் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்த வேறொரு கலையை அருகில் வைத்துப் பார்த்தால், சிறிது தெளிவு பிறக்கக்கூடும். அதற்கென ஈண்டு எடுத்துக்கொள்வன ஓவியர் இருவரின் படைப்புகள். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் இலங்கையர். இருவரும் தம் நாட்டை நீங்கி, அயல்நாட்டில் இருந்துகொண்டு தம் நாட்டு வாழ்வைத் தீட்டினர்.

மன்னரையும் தெய்வங்களையும் போர்க்களங்களையும் விடுத்து, அடுக்களை, அங்காடி, சத்திரம், தெருத்திண்ணை ஆகிய இடங்களில் பெயரற்ற மாந்தர் செய்யும் வழக்கமான செயல்களையே பொருளாகக் கொள்ளும் ஓவிய வகை ஒன்று உண்டு. அதனை அன்றாட வாழ்வோவியம் எனக் குறிப்போம். பெயர் சுட்டப்படாத தலைவனும் தலைவியும் வாழும் அகத்திணைக்கும் இதற்கும் உள்ள உறவு, தமிழ் பயின்றார்க்கு விளக்க வேண்டுவதன்று. இவ்வகை ஐரோப்பாவில் பெருவாழ்வு பெற்றது 17-ஆம் நூற்றாண்டு ஆலந்து நாட்டில். யான் ஸ்டீன், பீட்டர் தெ ஓக், வெர்மீர் ஆகியோர் பால் வார்க்கும் பணிப்பெண்ணையும், முற்றம் பெருக்கும் மகளிரையும், குடித்துக் கூத்தாடும் குடும்பத்தையும் தீட்டினர். அந்நாட்டு வணிகர் அவற்றை வாங்கித் தம் வீட்டுச் சுவர்களில் மாட்டினர்.

அதே வணிகர், அதே நூற்றாண்டில், நம் கடற்கரையிலும் இருந்தனர் என்பதை நினைவுகூர்தல் வேண்டும். பழவேற்காட்டில் ஆலந்தர் 1613-ஆம் ஆண்டில் செல்திரியாக் கோட்டையை எழுப்பினர்; தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு அவ்வூரே தலைநகர். ஏரியின் கரையில் இருந்து துணிகள் கப்பலேறின. ஆலந்திலிருந்து வந்தோர் பலர் அங்கேயே மாய்ந்தனர். அவர்தம் கல்லறைகள் இன்றும் உள்ளன. வாயிலின் இருபுறமும் எலும்புருவம் செதுக்கிய தூண்கள் நிற்க, உள்ளே குலச்சின்னங்கள் பொறித்த கற்பலகைகள் கிடக்கின்றன; ஒரு பலகையில் கோட்டையின் தோற்றமே செதுக்கப்பட்டுள்ளது. 1632 முதல் 1642 வரையில் அவ்வூரில் சமயப்பணி ஆற்றிய ஆபிரகாம் ரோசர் என்பார், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றை நூலாக்கினார். அவர் மறைந்த பின்னர் 1651-இல் அந்நூல் லெய்டன் நகரில் அச்சேறியது. எனினும் அந்நூலின் நோக்கு பெரிதும் அந்தணர்தம் வாழ்வும் வழிபாடுமே. அன்றாட வாழ்வோவியத்தை உலகிற்கு வழங்கிய மக்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏரிக்கரையில் கொலுவிருந்தும், வலையிழுக்கும் பட்டினவனை அவ்வகையில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்றும் அக்கரையில் பிறக்கவில்லை. அவர் கண்ணுக்கு அன்றாடம் என்பது தம் நாட்டில் இருந்தது போலும்.

இனி அமெரிக்கர் கதைக்கு வருவோம். ரிச்சர்டு கேட்டன் உட்வில் 1825-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் செல்வக்குடி ஒன்றில் பிறந்தார். (பழவேற்காடு ஆலந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய ஆண்டும் அதுவே; இது தற்செயல்.) இளமையில் மருத்துவம் பயிலத் தொடங்கி அதனைக் கைவிட்டார். அந்நகரத்துச் செல்வர் ராபர்ட் கில்மோர் என்பார் தொகுத்து வைத்திருந்த ஓவியங்களுள் ஆலந்தர் படங்கள் பல இருந்தன. இளைஞரின் கண் அவற்றில் பயின்றது. 1845-இல், இருபது வயதில், செருமனியின் டுசல்டார்ப் நகருக்குச் சென்றார். நகைத்துல்லியமான தீட்டுமுறைக்குப் பெயர்பெற்ற ஓவியப் பள்ளி அங்கு இருந்தது. காரல் பெர்டினாண்டு சோன் என்பாரிடம் பயின்ற உட்வில், பின்னர்ப் பாரிசிலும் இலண்டனிலும் வாழ்ந்து, 1855-இல் மார்பின் மருந்து மிகையானதால் இலண்டனில் மாய்ந்தார். அகவை முப்பது. எஞ்சிய படங்கள் மிகச் சிலவே.

அச்சிலவற்றுள் அவர் தீட்டியது என்ன? ரைன் ஆற்றங்கரையில் அமர்ந்துகொண்டு, ஆற்றையும் தீட்டவில்லை. செருமானியரையும் அவர் பெரும்பாலும் தீட்டவில்லை. அமெரிக்கச் சத்திரங்களையும் சிப்பியுணவுக் கடைகளையும் தீட்டினார். 1848-இல் வரைந்த ‘மெக்சிக்கோவிலிருந்து போர்ச் செய்தி’ என்னும் படத்தைப் பார்க்க. அமெரிக்க விடுதி என்று பெயர்ப்பலகை தொங்கும் ஒரு கட்டடத்தின் முகப்பு. அஞ்சல் நிலையமும் அதுவே. நடுவில் ஒருவன் செய்தித்தாளை விரித்துப் படிக்கிறான், வாய் திறந்திருக்கிறது. சுற்றிலும் ஆடவர் நெருங்கி நிற்கின்றனர். பழங்கால உடை அணிந்த கிழவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்க முயல்கிறார். பெண் ஒருத்தி வலப்புறச் சாளரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறாள். முகப்பிற்கு வெளியே, படிக்கட்டில், கறுப்பினத்தவர் ஒருவர் அமர்ந்திருக்க, கந்தலாடைச் சிறுமி ஒருத்தி அருகில் நிற்கிறாள். அப்போரினால் அமெரிக்கா பெற்ற நிலத்தில் அடிமைமுறை பரவுமா என்பது அன்றைய பெருவினா. யாருடைய விதி அத்தாளில் அச்சாகியுள்ளதோ, அவர்க்கு முகப்பில் இடமில்லை. அமர்ந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓவியர் இதனை எங்கும் எழுதிக் காட்டவில்லை. ஒரு தூணுக்கு உள்ளே யார், வெளியே யார் என்று அமைத்ததோடு நின்றுவிட்டார்.

அதே ஆண்டில் வரைந்த ‘சிப்பிக் கடையில் அரசியல்’ இன்னும் சிறியது, இன்னும் கூரியது. பால்டிமோர் நகரத்தார் வளைகுடாவில் எடுத்த சிப்பியை உண்ணும் கடையில், திரையிட்ட சிற்றறையில் இருவர். இளைஞன் கையில் தாளை வைத்துக்கொண்டு முன்சாய்ந்து வாதிடுகிறான். முதியவர் காதருகே கைவைத்தபடி நம்மை நோக்குகிறார். கேளாமையாலா சலிப்பாலா என்பது பார்ப்பவர் துணிபு. குடை, எச்சிற்கலம், மேசை, விளக்கு ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க தெளிவுடன் நிற்கின்றன. 1851-இல் வரைந்த ‘வண்டிக்குக் காத்திருத்தல்’ என்னும் படத்தில் இருவர் சீட்டாட, கருங்கண்ணாடி அணிந்த மூன்றாமவன் நின்று பார்க்கிறான். அவன் கையிலுள்ள தாளின் பெயர் ‘ஒற்றன்’. கண் தெரியாதவனுக்குத் தாள் எதற்கு?

இப்படங்களில் ஏறக்குறைய எங்கும் செய்தித்தாள் உள்ளதைக் கவனிக்க. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை என்பவற்றோடு ‘செய்தி’ என்பதையும் வைத்தார். ஆண்டு அச்சொல்லின் பொருள் தொழில். நெய்தலுக்கு மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் செய்தி. உட்வில்லின் நிலத்திலோ, இன்று நாம் வழங்கும் பொருளில் செய்தியே கருப்பொருள். சொல் ஒன்று இரு காலத்தில் பெற்ற இருபொருளும் இங்கு ஒன்றையொன்று தொடுவது இன்பம் தருவதாயினும், இதன்மேல் பெரிய முடிவு எதனையும் கட்டுதல் ஆகாது. நாம் கொள்ள வேண்டியது வேறு: அயல்நாட்டில் இருந்த இவ்வோவியர் தம் நாட்டின் கருப்பொருளை இம்மியும் வழுவாது தீட்டினார். எச்சிற்கலம் எங்கே இருக்கும், சிப்பிக் கடைத் திரை எவ்வாறு தொங்கும் என்பது கடலுக்கு அப்பால் இருந்தும் அவர் கையை விட்டு அகலவில்லை.

இதற்கு அவருடைய நினைவாற்றல் மட்டும் காரணமன்று. படங்கள் யாருக்காக வரையப்பட்டன என்பதையும் எண்ண வேண்டும். அமெரிக்கக் கலைச் சங்கம் என்றொரு நிறுவனம் நியூயார்க்கில் 1852 வரையில் இயங்கிற்று. உறுப்பினர் ஆண்டுதோறும் பணம் செலுத்துவர். சங்கம் உள்நாட்டு ஓவியரின் படங்களை வாங்கிக் குலுக்கல் முறையில் பங்கிடும். அவற்றுள் சிலவற்றைச் செதுக்குருவாக அச்சிட்டு உறுப்பினர் அனைவர்க்கும் அனுப்பும். ‘போர்ச் செய்தி’ அவ்வாறு 1851-இல் ஆல்பிரெட் சோன்ஸ் என்பாரால் செதுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான அமெரிக்க வீடுகளை அடைந்தது. ஓவியர் இருந்தது டுசல்டார்ப்பில். பார்ப்பவர் இருந்தது பால்டிமோரிலும் நியூயார்க்கிலும். சிப்பிக் கடையைத் தவறாக வரைந்தால், நாள்தோறும் சிப்பி உண்பவன் சிரிப்பான். இக்கண்காணிப்பே பொருள்களைத் துல்லியமாக்கியது எனலாம்.

அமெரிக்கரை விட்டு நம் கடலுக்கு வருவோம். ஐவன் பீரிஸ் 1921-ஆம் ஆண்டில் கொழும்பின் தெற்கே தெகிவளைக் கடற்கரைப் பகுதியில் சிங்களக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ஆரி பீரிஸ் என்பாரிடம் ஓவியம் பயின்று, லயனல் வெண்ட், சார்ச் கீற்று, சஸ்டின் தரணியகல முதலியோரோடு 1943-இல் நிறுவப்பெற்ற ‘43 குழு’வின் தொடக்க உறுப்பினர் ஆனார். 1946-இல் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, 1949-இல் திரும்பினார். அக்குழுவின் படங்கள் 1952-இல் இலண்டனிலும் 1953-இல் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவ்வாண்டே மீண்டும் இங்கிலாந்து சென்றவர், 1988-இல் மறையும் வரையில் அங்கேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில் அவர் குடியிருந்தது தேம்சு ஆறு கடலோடு கலக்கும் சவுத்தெண்டு என்னும் ஊர். அதுவும் கடற்கரையே; ஆனால் குளிர்ந்த, சேற்றுநிலக் கடற்கரை.

முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கிருந்து அவர் மீண்டும் மீண்டும் தீட்டியது தென்னிலங்கைக் கரையை. மணல், கடல், வானம் என்னும் மூன்று பட்டைகள், தனிமரம் ஒன்று, படகு ஒன்று, கரையில் அசையாது நிற்கும் நெடிய உருவங்கள். முகத்தில் நுண்விவரம் குறைவு. மீனவர் என்று அறிகிறோம். ஆயின் இன்ன வலையினர், இன்ன ஊரினர் என்று சொல்ல இயலாது. ‘திரும்புகை’, ‘வருகை’ என்னும் பொருள்படப் பெயரிட்ட படங்கள் உள்ளன. வரைந்தவரோ சென்று வாராதவர். அவருடைய படங்களை ஆராய்ந்த தொல்லியலறிஞர் சேனக பண்டாரநாயக்க, அவரை மேலைநாட்டு ஓவிய வரலாற்றின் ஒரு கிளையாகக் கொள்ளாது, தன் சமுதாயத்தினின்று பெயர்ந்த கலைஞனின் இக்கட்டு எனும் கண்ணால் நோக்கியமை இங்கு நினைக்கத்தக்கது.

உட்வில்லின் படத்தில் கருப்பொருள் செறிந்துள்ளது. ஐவன் பீரிசின் படத்தில் அது உதிர்ந்துவிட்டது. எஞ்சி நிற்பது உரிப்பொருள். முதல், கரு, உரி என்னும் மூன்றும் செய்யுளில் ஒன்றினொன்று சிறந்து வரும் எனத் தொல்காப்பியர் வகுத்த முறையை இங்கு வைத்து எண்ணினால், பீரிஸ் இறுதியானதை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டவர் ஆகிறார். கடலை நோக்கி நிற்கும் அவ்வுருவங்களிடம் காண்பது இரங்கலா, முல்லைக்குரிய இருத்தலா என்று வினவலாம். வருவது உறுதி எனின் இருத்தல். உறுதி அற்றால் இரங்கல். அவர் படங்களில் உறுதி தரும் அறிகுறி எதுவும் இல்லை. ஆதலின் நெய்தல் என்றே துணியலாம். நெய்தற்குரிய சிறுபொழுதாகிய எற்பாடு என்பதற்கு ஞாயிறு படும் வேளை என்றும், ஞாயிறு தோன்றும் வேளை என்றும் உரைவேறுபாடு நம்மிடம் உண்டு. பீரிசின் வானத்தைப் பார்த்தாலும் இதே ஐயம் எழுகிறது. விடியலா மாலையா என்று அறுதியிட முடியாத ஒளியே அங்கு நிலவுகிறது. நம் உரையாசிரியர் இருதரத்தாரும் அப்படங்களின் முன் நின்று தத்தம் கட்சியை நிலைநாட்டியிருப்பர்!

ஏன் இவ்வேறுபாடு? பயிற்சி ஒரு காரணம். டுசல்டார்ப் பள்ளி பொருளைத் துலக்கிக் காட்டக் கற்பித்தது. இருபதாம் நூற்றாண்டு ஓவியமோ பொருளைச் சுருக்கக் கற்பித்தது. ஆனால் பயிற்சியை மட்டும் சொல்லி முடித்துவிடுவது போதாது. உட்வில்லுக்கு வாய்த்த பார்வையாளர் கூட்டம் பீரிசுக்கு வாய்க்கவில்லை. கொழும்பில் அவர் படங்களைக் கண்டோர் சிலர். அவரைச் சுற்றி இருந்த இங்கிலாந்து மக்களுக்குத் தெகிவளை வலை எவ்வாறு இருக்கும் என்பது தெரியாது. தவறென்று சொல்வாரும் இல்லை, சரியென்று மகிழ்வாரும் இல்லை. திருத்துவார் அற்ற நினைவு நுண்விவரங்களை மெல்ல மெல்லக் கைவிடும். உட்வில் பத்தாண்டிலேயே மாய்ந்தார் என்பதும், பீரிசின் பிரிவு மும்மடங்கிற்கு மேல் நீண்டது என்பதும் கணக்கில் கொள்ளத்தக்கன.

இதே குடும்பத்தில் மாற்றுச் சான்று ஒன்று கிடைப்பது நம் நற்பேறு. ஐவனின் தமையனார் லெஸ்டர் சேம்சு பீரிஸ், இலண்டனில் சில ஆண்டு வாழ்ந்த பின் நாடு திரும்பித் திரைப்பட இயக்குநர் ஆனார். 1956-இல் வெளிவந்த அவருடைய ‘ரேகாவ’, அரங்கத்தை விட்டு வெளியேறிச் சிற்றூரிலேயே படமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கான் நகர விழாவில் திரையிடப்பட்டது. ஒரே வீட்டில் பிறந்த இருவருள் திரும்பியவர் கையில் ஊரின் குளமும் வயலும் கூத்தும் பொருள் பொருளாக வந்து நிறைந்தன. திரும்பாதவர் கையில் ஒரு கடற்கரைக் கோடு நின்றது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூற இவ்வொப்பீடு இடந்தராது. கொழும்பில் ஆரி பீரிசின் இல்லமே இன்று சபுமல் நிலையமாக அக்குழுவினரின் படங்களைப் பேணி வருகிறது. ஐவனின் படங்களும் அங்கு உள. வலைக் கயிறு எதுவும் இல்லாமலே நெய்தலின் உள்ளத்தைக் காட்ட வல்லவர் அவர் என்பதை அவை உணர்த்தும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்றும், நிலங்கள் தம்முள் மயங்கா என்றும் நம் இலக்கணம் கூறும். சவுத்தெண்டின் கடலை நாள்தோறும் கண்டவர் படத்தில் அக்கடல் புகவில்லையா? சில படங்களின் மங்கிய வண்ணமும் தாழ்ந்த வானமும் ஈழத்துக் கடற்குரியனவாகத் தோன்றவில்லை. ஆயின் அவை இங்கிலாந்துக் கரையின் படங்களும் அல்ல. காலம் மயங்கிற்று, வண்ணம் மயங்கிற்று. நிலம் மட்டும் பெயரளவில் மயங்காது நின்றது என்று கொள்வதே பொருந்தும். இலக்கண விதி இங்கே முறியாமல் வளைகிறது.

இவ்விருவரையும் கண்ட பின் அம்மூவனாரிடம் திரும்புவோம். அகநானூற்றின் 140-ஆம் பாட்டு அவருடையது. தலைவன் தன் பாங்கனிடம் பேசுகிறான். பரதவர் கடலில் வேட்டம் ஆடுதலும், உழாது விளையும் உப்பும், உமணர் அதனை வண்டியில் ஏற்றிக் குன்றம் கடந்து செல்லுதலும் தொடக்கத்தில் விரைந்து சொல்லப்படுகின்றன. பின்னர் உமணன் மகள் தெருவில் வருகிறாள், நெல்லும் உப்பும் ஒன்றுக்கொன்று நேர் என விலை கூறுகிறாள், வேற்றுக்குரல் கேட்ட மனைநாய் குரைக்கிறது, அவள் வெருள்கிறாள். அக்கண்ணால் தான் உற்ற நோயைச் சொல்லும் தலைவன், சேற்றில் அழுந்திய உப்பு வண்டியை இழுக்கும் அவள் தந்தையின் பகடு போலத் தான் பெருமூச்செறிவதாகக் கூறுகிறான். பாட்டில் கடலைப் பற்றிய செய்தி பொதுவாக உள்ளது. தெருவைப் பற்றிய செய்தியோ சிப்பிக் கடையின் திரை போலத் துல்லியமாக உள்ளது. நாய் குரைத்தது உப்பு விளையும் கழியோரத்தில் அன்று. நெல்லுடையார் வாழும் சேரியில். இழுத்துக் களைத்த எருதின் மூச்சும் வண்டி செல்லும் வழியில் கேட்பது. அப்பாட்டின் கண்ணும் செவியும் உள்நாட்டுப் பக்கத்தில் நிற்கின்றன என்று கொள்ள இடமுண்டு. அம்மூவனார் கடற்கரையை அறியார் என்று இதனால் கூறலாகாது. மீன் உணக்கலைப் புள்ளோப்பும் மகளிர் முதலிய கரைக்காட்சிகள் நெய்தற் பாடல்களில் நிரம்ப உள. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் நுண்மை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அளந்து பார்த்தால், பாடியவர் நின்ற இடம் சிறிது புலனாகலாம். பரதவர் வாழ்வை எழுதப் புகுவோர் எல்லா வரிகளையும் ஒரே எடையினவாகக் கொள்ளாது, இவ்வளவை முதலில் செய்தல் நன்று.

இவ்வளவையைச் செய்ய, கரையில் நிற்பவர் அறியும் செய்தி எத்தகையது என்பதற்கு ஓர் உரைகல் வேண்டும். பழவேற்காட்டு ஏரிக் குப்பங்கள் அதற்குத் தக்கன. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவிற்கு அடுத்த பெருமை உடையது இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே அரிகோட்டைத் தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. கோடையில் நீரோட்டம் தளர, மணல் முகத்துவாரத்தை மூடும், ஏரி உப்பேறும், மீண்டும் திறந்தாலன்றி இறால் குஞ்சு உட்புகாது, வளர்ந்த இறால் வெளிப்படாது. ஏரி வாழ்வின் நாடி இவ்வாயிலில் துடிக்கிறது.

வளர்ந்த இறால் கடலை நோக்கிச் செல்லும் வழியில் வலை அமைக்கும் இடங்களுக்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊரார்க்கு அவ்வுரிமை மரபாய் இருந்து வந்தது. எந்த ஊர்க்கு எந்த நாள் என்று முறை உண்டு. ஊருக்குள் எவர்க்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கி அறியப்படும். தலைக்கட்டு என்னும் உறுப்புரிமை குடும்பவழி வருவது. நல்ல பாடு ஒருவனுக்கே என்றும் கிட்டாது. ஒருவனுக்கு என்றும் கிட்டாமலும் போகாது. உரிமை இல்லாத ஊரார் இதனை எதிர்த்துப் பூசலிட்டதும் உண்டு. ஒரே நீரை இருவர் இருமுறையில் கண்ட அப்பூசலில் இருசாராரிடமும் நியாயம் இருந்தது. எற்பாட்டில் உள்ள ‘பாடு’ என்னும் சொல்லை உரையாசிரியர் ஆய்ந்தனர். ஏரியிலுள்ள இப்‘பாடு’ அகராதிக்காரரின் கண்ணில் போதிய அளவு பட்டதாகத் தெரியவில்லை. நீரில் ஓர் இடமும், அவ்விடத்தின்மேல் ஒரு நாளைய உரிமையும், அந்நாளில் கிட்டும் பயனும் ஒரு சொல்லில் அடங்கும் அருமை இது.

உட்வில் அங்குப் பிறந்திருந்தால் சீட்டுக் குலுக்கும் நாளைத் தீட்டியிருப்பார். நடுவில் சீட்டை எடுக்கும் கை, சுற்றிலும் தலைக்கட்டுக்காரர், திண்ணைக்கு வெளியே உரிமையற்ற ஊரான். பனையோலைப் பெட்டி முடையும் முசுலிம் மகளிர் ஒரு சாளரத்தில்; தொலைவில் அரிகோட்டையிலிருந்து எழும் ஏவுகணையின் புகைக்கோடு. அங்கிருந்து செயற்கைக்கோள் ஏவும் நாளில் மீனவர் குறிப்பிட்ட கடற்பகுதிக்குச் செல்லலாகாது என்று தடை உண்டு. வலை உலர்ந்து கிடப்பதே அன்றைய காட்சி. ஐவன் பீரிஸ் அங்குப் பிறந்து நீங்கியிருந்தால், மூடிய முகத்துவாரத்தின் அருகே நீரை நோக்கி நிற்கும் ஓர் உருவத்தை மட்டும் தீட்டியிருப்பார். கட்டுமரம் போய்க் கண்ணாடி இழைப் படகு வந்ததையோ, சுற்றுவலையின் கண் சிறுத்ததையோ அவர் படத்தில் தேடிப் பயனில்லை.

இருவர் தூரிகைக்கும் எட்டாத செய்தி ஒன்றும் அவ்வேரியில் உண்டு. இருளர் குலத்து மகளிர் இடுப்பளவு நீரில் அமர்ந்தும் நகர்ந்தும், பறியை வாயிற் கவ்விக்கொண்டு, சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். வலை இல்லை, தூண்டில் இல்லை, பாட்டுரிமையும் இல்லை. நீர் கலங்கியிருத்தலின் கண்ணுக்கு வேலை இல்லை. விரல் நுனியில் இறாலின் அசைவு தட்டுப்பட்ட நொடியே பிடி விழவேண்டும். கரையில் நின்று பார்ப்பவர்க்கு நீரின்மேல் தலைகள் சில மெல்ல நகர்வது மட்டும் தெரியும். அத்தொழிலுக்குரிய சொற்கள், சேற்றின் வகைக்கும் இறாலின் பருவத்திற்கும் அம்மகளிர் வழங்கும் பெயர்கள், அவர்களிடம் கேட்டு எழுதினாலன்றி நம் கைக்கு வாரா.